உலகளாவிய வலையும் ஒருவழித் தொடுப்பும்

இணையம் என்பதனையும் உலகளாவிய வலை என்பதனையும் ஒருபொருட் சொற்களாக ஆளுதல் இன்று பெருவழக்காகிவிட்டது. இரண்டும் வேறு. இணையமாவது கணினிகளைப் பிணைக்கும் பாதை. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தொடங்கிய ஆர்ப்பாநெற் என்னும் பின்னலின் வழிவந்தது. வலையோ அப்பாதையின்மேல் இருபதாண்டு கழித்து ஓடத்தொடங்கிய ஊர்தி. ஈண்டு ஆராயப்படுவது வலையின் வரலாறு. அதனுள்ளும் அதற்கு உயிராயுள்ள தொடுப்பின் வரலாறே சிறப்பாக நோக்கப்படும்.

ஒரு நூலைக் கற்கும்போது அதிற் சுட்டப்பட்ட பிறிதொரு நூலை அக்கணமே எடுத்துப் பார்க்க இயலுமாயின் ஆராய்ச்சி எத்துணை எளிதாகும்! இவ்வெண்ணம் வலைக்கு முந்தியது. அமெரிக்கப் பொறியியலறிஞர் வனிவார் புஷ் 1945இல் எழுதிய கட்டுரையொன்றிலே அத்தகையதொரு மேசைப் பொறியைக் கற்பனைசெய்து காட்டினார். ரெட் நெல்சன் என்பார் 1965இல் இவ்வெழுத்துமுறைக்கு 'ஹைப்பர்ரெக்ஸ்ற்' எனப் பெயரிட்டு வெளியிட்டார். நெல்சன் கருதிய தொடுப்பு இருவழிப்பட்டது. மேற்கோள் காட்டும் பக்கம் தன் மூலத்தை அறிவதுபோல, மூலமும் தன்னை எடுத்தாண்டவரை அறியும், தொடுப்பு அறாது. சிறந்த திட்டமே. ஆயினும் பல்லாண்டு முயன்றும் அது பெருவழக்கிற்கு வரவில்லை.

வந்தது வேறொன்று. ஜெனீவா நகரை அடுத்துள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையத்திற்குப் பல நாட்டு ஆய்வாளர் வந்து, பெரும்பாலும் ஈராண்டளவு தங்கி மீள்வர். அவர் மீளுங்கால் அவர் அறிந்தவையும் உடன்செல்லும். இக்குறையை நீக்கும்பொருட்டு அங்குப் பணியாற்றிய ரிம் பேர்ணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989 மார்ச்சில் ஒரு முன்மொழிவை எழுதினார். தெளிவற்றதாயினும் ஆர்வமூட்டுவது என்னும் கருத்துப்பட அதன் முகப்பிலே குறித்துவைத்தார், அவர்தம் மேலாளர் மைக் செண்டல். 1990 முடிவதற்குள் முதல் உலாவியும் முதற் சேவையகமும் ஆயத்தமாயின. சேவையகமாய் நின்ற கணினியை எவரும் அணைத்துவிடாதவாறு அதன்மேல் எச்சரிக்கைத் தாளொன்று ஒட்டப்பட்டிருந்தது. அன்றைய உலக வலை அவ்வொரு பெட்டியுள் அடங்கியிருந்ததை நினைக்க நகை தோன்றுகின்றது.

பேர்ணேர்ஸ்-லீ செய்த துணிகரச் செயல் யாதெனின், இருவழித் தொடுப்பைக் கைவிட்டமையே. எவரும் எவரிடத்தும் இசைவு பெறாது எப்பக்கத்திற்கும் தொடுப்பு இடலாம். அதனைப் பதிந்துவைக்க நடு நிலையம் எதுவும் வேண்டா. இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சுட்டப்பட்ட பக்கம் இடம்மாறினால் அல்லது மறைந்தால் தொடுப்பு அறும். 404 என்னும் எண்ணோடு பக்கம் காணப்படவில்லை என்னும் செய்தி மட்டும் எஞ்சும். 1991 டிசம்பரிலே சான் அன்ரோனியோவில் இத்துறை வல்லார் கூடிய மாநாடு, வலைபற்றிய ஆய்வுரையை ஏற்காது, அதனை இயக்கிக் காட்டுதற்கு மட்டுமே இடமளித்தது. அறுந்துபோகும் தொடுப்பு அவர்க்குக் குறையாகத் தோன்றியிருத்தல் இயல்பே.

அக்காலத்து வலைக்கு வலிய போட்டியொன்றும் இருந்தது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1991இல் தோன்றிய கோபர் என்னும் முறை வலையினும் மிகுதியாகப் பயன்பட்டது. 1993இன் தொடக்கத்திலே அப்பல்கலைக்கழகம் தன் சேவையக மென்பொருளுக்குச் சிலரிடம் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. பயன்படுத்தியோர் ஐயுற்று விலகலாயினர். அவ்வாண்டு ஏப்ரில் 30ஆந் திகதி சேர்ன் நிலையம் வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றி ஆளும் பொதுவுடைமையாக வழங்கியது. வலையின் பிறப்பாண்டாக 1989ஐப் பலர் கொள்வர். அதனினும் இந்நாளே பெரிதென்பது எம் கருத்து.

பின்னிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. இலினோய்ப் பல்கலைக்கழகத்திலே மார்க் அன்றீசனும் எரிக் பீனாவும் ஆக்கிய மொசாயிக் உலாவி 1993இல் எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்திற் காட்டியது. நெற்ஸ்கேப் நிறுவனத்திலே பிரென்டன் ஐக் 1995இல் பத்தே நாளில் வகுத்த யாவாஸ்கிறிப்ற் மொழியால், படிக்கும் பக்கமாயிருந்தது இயங்கும் கருவியாயிற்று. மைக்ரோசொப்ற் நிறுவனத்தோடு நெற்ஸ்கேப் நடத்திய போட்டியை ஈண்டு விரித்தல் வேண்டா.

தமிழர்க்கு இவ்வரலாற்றில் தனித்ததோர் இடர் நேர்ந்தது. ஒருங்குறியிலே 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், அது வழக்கிற்கு வரப் பல்லாண்டு சென்றன. இடைப்பட்ட காலத்திற் பாமினி முதலிய எழுத்துருக்களால் எழுதப்பட்ட பக்கங்கள் பல. அவை கண்ணுக்குத் தமிழ். கணினிக்கோ பொருளற்ற உரோம எழுத்துக்களின் நிரல். உரிய எழுத்துரு இல்லாவிடத்து அவற்றைப் படித்தல் இயலாது; தமிழ்ச் சொல்லால் தேடிக் காண்டலும் இயலாது. பக்கம் இருக்க, தொடுப்பும் இருக்க, படிப்பு மட்டும் அறுந்துபோன நிலை இது.

அறுதல் எத்துணைப் பெரிதென்பதை ஓர் அளவு காட்டும். அமெரிக்காவின் பியூ ஆராய்ச்சி நிலையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த பக்கங்களுள் நூற்றுக்கு 38 பங்கு பத்தாண்டின்பின் எட்டாதொழிந்தன. 1996இல் நிறுவப்பட்ட இணைய ஆவணகம் பழம் பக்கங்களின் படிகளைத் திரட்டிவைத்திராவிடின் இழப்பு இன்னும் மிகும்.

இனி வருவது யாது? கூகிள் தேடுபொறி 1998இல் நிறுவனமாய் எழுந்தபோது, ஒரு பக்கத்தை எத்துணைப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதனை அதன் மதிப்பிற்கு அளவுகோலாக்கியது. அறிஞர் மேற்கோளை எண்ணுமாறு தொடுப்பை எண்ணியது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் வழி திரும்புகின்றது. செயற்கை நுண்ணறிவுப் பொறி பல பக்கங்களைப் படித்துத் தானே விடை புனைந்து தருகின்றது. வினாவியவர் மூலப் பக்கத்திற்குச் செல்வது குறையும். சில வேளை அப்பொறி காட்டும் மூலம் உலகில் இல்லாததாயும் இருக்கின்றது. மாணவர் தரும் கட்டுரையின் அடிக்குறிப்பை ஆசிரியர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவேண்டிய காலம் இது. பக்கம் எழுதுவோர்க்கோ வேறு கவலை: படிக்க வருவோர் இல்லையெனின் எவர்க்காக எழுதுவது? பொறிகள் புகலாகாத இடங்களைக் குறித்துவைக்கும் மரபொன்று 1994முதல் உண்டு. அது வெறும் மரியாதையே, கட்டாயமன்று. 2023 டிசம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அப்பொறியை ஆக்கிய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. சேர்ன் நிலையம் 1993இலே திறந்துவிட்ட வாயிலைப் பக்க உரிமையாளர் பலர் தத்தம் மட்டில் அடைக்கத் தொடங்கிவிட்டனர். அடைப்போரைக் குறைகூறலும் எளிதன்று.