அது ஃபான்ட் இல்ல பாஸ், எழுத்தே வேற! யூனிகோட் விளையாட்டும் வில்லங்கமும்

இன்ஸ்டா பயோவில் சிலருடைய பெயர் மட்டும் தடித்து, சாய்ந்து, சுருண்டு கெத்தாக இருக்கும். 'நம்ம போன்ல ஏன் இந்த ஃபான்ட் இல்ல?' என்று செட்டிங்ஸ் முழுக்கத் தேடியிருப்பீர்கள். கிடைத்திருக்காது. ஏன்னா, அது ஃபான்ட்டே கிடையாது.

யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. கணிதத்தில் சாதாரண 'ஏ' ஒரு பொருள், தடித்த 'ஏ' வேறு பொருள். அதனால் 2001-ல் வந்த யூனிகோட் 3.1, தடித்த, சாய்ந்த, சுருள் ஆங்கில எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களைக் கொடுத்தது. கணக்கு வாத்தியார்களுக்காக வந்த எழுத்துகள்தான் இப்போ பயோவில் ஜொலிக்குது! இதில் சாய்ந்த சின்ன 'ஹெச்' இடம் காலி. இயற்பியலின் பிளாங்க் மாறிலிக்காக அந்த எழுத்து ஏற்கெனவே இருந்ததால், அதையே இரவல் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மாற்றத்தைச் செய்ய வெப்சைட்கள் இருக்கின்றன. கோடிங் பண்ணுபவர்களுக்கு விஎஸ் கோட் போன்ற டெக்ஸ்ட் எடிட்டர்களிலேயே குட்டி எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. வரியை செலக்ட் பண்ணி ஒரு கமாண்ட் கொடுத்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அதன் 'டூப்' வந்து உட்காரும். தலைகீழ் எழுத்துகளில் பல, உச்சரிப்பைக் குறிக்கும் ஒலியியல் எழுத்துகளிலிருந்து சுட்டவை. பேய் பிடித்ததுபோல மேலும் கீழும் ஒழுகும் 'ஸால்கோ' எழுத்து, ஒரே எழுத்தின் தலையில் டஜன் கணக்கில் குறிகளை அடுக்கிச் செய்வது.

கோடிங் நண்பர்களிடையே ஒரு பழைய குறும்பு: அரைப்புள்ளியை எடுத்துவிட்டு, அச்சு அசலாக அதேபோல இருக்கும் கிரேக்கக் கேள்விக்குறியை வைத்துவிடுவது. கண்ணுக்கு எல்லாம் சரி. கம்பைலர் மட்டும் கத்தும். பாவம், அவர் ராத்திரி முழுக்கத் தேடுவார். (நட்பு முக்கியம்னா வேண்டாம்!)

வில்லங்கம் இங்கேதான். நமக்கு 'எஸ்' ஆகத் தெரிவது, கம்ப்யூட்டருக்கு 'எஸ்' இல்லை. பார்வைச் சவால் உள்ளவர்கள் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர்கள் சில, உங்கள் பெயரை 'கணிதத் தடித்த பெரிய எஸ்' என்கிற ரீதியில் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கும். சில, வாசிக்காமலேயே தாண்டிவிடும். அதாவது, நீங்க அழகா எழுதின பெயர் அவங்களைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. இந்த எழுத்துகளைப் பழைய வடிவத்துக்கு மாற்றிப் பார்க்கத் தெரியாத சர்ச்சிலும் இதே கதி. ரெஸ்யூமேயில் இந்த ஸ்டைலைப் போட்டு ரிஸ்க் எடுக்காதீங்க. ஹெச்.ஆர் உங்கள் பெயரை டைப் செய்து தேடும்போது நீங்கள் சிக்காமலேயே போகலாம்.

சரி, தமிழில் தட்டினால்? தடித்த எழுத்தெல்லாம் வராது. கணிதத்துக்கென நமக்குத் தனி எழுத்து வரிசை கிடையாது. பின்பக்கமாகத் திருப்பும் கமாண்டை மட்டும் கொடுத்துப் பாருங்கள். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. இது புரியாத எக்ஸ்டென்ஷன் அப்படியே திருப்பிப் போட, புள்ளி அநாதையாக முன்னால் வந்து நிற்க, பின்னாடியே 'ழிமத' வரும். ம-வுக்குச் சொந்தமான இகரத்தை ழ தூக்கிட்டுப் போயிருக்கும்!