சாகாத ஆடுகள்

ஒரு விளக்கு ராத்திரி பகலாக, வருஷக்கணக்கில் அணையாமல் எரிய எத்தனை ஆடு வேண்டும்? சொல்லுங்கள் பார்க்கலாம்!

96. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கணக்கு இது. சிதம்பரத்து நடராஜர் மீது அவனுக்குப் பெரும் பிரியம். 'ஆடவல்லான்' என்ற அவர் பெயரைக் கோயில் மரக்காலுக்கே வைத்துவிட்டான். அப்பேர்ப்பட்ட கோயிலில் விளக்கு நெய்யையும் கறாராக அளந்தார்கள். ஒரு விளக்குக்குத் தினம் ஓர் உழக்கு, அதாவது கால் நாழி. ஆடு இல்லையா? 48 பசு கொடுக்கலாம். எருமை என்றால் 16 போதும்!

தானம் கொடுத்தவர் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார். மாட்டிக்கொண்டவர் இடையர். ஏனென்றால் இவை சாதாரண ஆடுகள் அல்ல. 'சாவா மூவாப் பேராடு' என்கின்றன சோழர் காலக் கல்வெட்டுகள். சாகாது, கிழடும் தட்டாது! நிஜத்தில் சாகாத ஆடு ஏது? செத்ததற்குப் பதில் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டியது அவர் பாடு. சந்திர சூரியர் உள்ளவரை உழக்கு நெய் வந்தாக வேண்டும். அவருக்குப் பிறகு? அதற்கும் வழி செய்தார்கள். பெரிய கோயில் கல்வெட்டில் இடையர்களின் பெயரோடு உறவினர்களின் பெயரையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள்.

14-ம் நூற்றாண்டு கெய்ரோவில் இதே தர்மம் வேறு வடிவில் நடந்தது. சுல்தான் ஹசன் கட்டிய மசூதியில் சங்கிலிகளில் தொங்கிய கண்ணாடி விளக்குகளில், பொன்னும் நீலமுமாக, இறைவனின் ஒளியைப் பேசும் குர்ஆன் வசனத்தையும் சுல்தான் பெயரையும் எழுதினார்கள். உள்ளே திரியை ஏற்றினால் எழுத்தெல்லாம் ஜொலிக்கும். செலவுக்கு 'வக்ஃப்' சொத்தின் வருமானம். ஆட்டு மந்தை தேவைப்படவில்லை. அந்த விளக்குகளில் பல இன்று அருங்காட்சியகங்களில், எண்ணெய் இல்லாமல், பத்திரமாக இருக்கின்றன.

நம் ஊர் விளக்குகளுக்குத் திரும்புவோம். எல்லாமே பக்தியில் ஏற்றியவை அல்ல. வேட்டைக்குப் போன இடத்தில், மிருகம் என்று நினைத்து மனிதனை அம்பெய்து கொன்றவர்களைப் பற்றியும் சில சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. ஊரார் கூடி விசாரித்தார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்ததும் உயிருக்கு உயிர் கேட்கவில்லை. 'கோயிலில் ஒரு நந்தா விளக்கு வை' என்றார்கள். கருணையான தீர்ப்புதான், மறுக்கவில்லை.

ஆனால், செத்தவனின் மனைவியும் அந்தக் கோயிலுக்குத்தானே சாமி கும்பிடப் போயிருப்பாள்? கொன்றவன் கொடுத்த நெய்யில் அந்தச் சுடர் எரிவதைப் பார்த்தபோது அவள் கை கூப்பினாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டாளா?

கல்லில் கால்நடைக் கணக்கு மட்டும்தான் இருக்கிறது.