ஆவாரை

ஆவாரை (சென்னா ஆரிகுலேட்டா) இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பூக்கும் புதர்ச்செடி. பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதைக் காசியா என்னும் பேரினத்தில் வைத்தார். பழைய மருத்துவ நூல்களில் அந்தப் பெயரே இருக்கும். நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலம் வட்டாரத்தில் செம்மண் மேடு, கரட்டுச் சரிவு, சாலையோரம் என யாரும் விதைக்காத இடத்திலும் தானாக முளைத்து நிற்கிறது.

பெரும்பாலும் இடுப்பளவு முதல் ஆளுயரம் வரை, அடியிலிருந்தே கிளை பிரிந்து வளரும். ஒவ்வோர் இலைக்காம்பின் அடியிலும் காது மடல் போன்ற அகன்ற இலையடிச் செதில் உண்டு. பூக்காத காலத்தில் செடியை அடையாளம் காண அதுவே போதும். ஆடு மாடுகள் இதை விரும்பிக் கடிப்பதில்லை. மேய்ந்து மொட்டையான புறம்போக்கிலும் ஆவாரை பச்சையாக இருப்பது அதனால்தான். அடியோடு வெட்டினாலும் துளிர்த்துவிடும்.

பூவை விரித்துப் பார்த்தால் பத்து மகரந்தத் தாள்கள் தெரியும். மேலுள்ள மூன்றும் சிறியவை, மலடு; கீழுள்ளவை நீண்டு வளைந்தவை. பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் பையின் நுனித்துளை வழியாகத்தான் வெளிவரும். தச்சுவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரவைத்தே அதை உதிர்க்கிறது. மழைக்குப் பின் பூப்பு உச்சம். தை பிறக்கும்போதும் மஞ்சளாக நிற்கும். கொங்குப் பகுதியில் போகியன்று வீட்டுக் கூரையில் காப்புக் கட்ட, பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் இதுவும் சேர வேண்டும். மடலேறும் (காதல் கைகூடப் பனைமடல் குதிரையில் ஏறும்) தலைவன் சூடும் பூக்களில் ஒன்றாகக் கலித்தொகை இதை ஆவிரை என்ற பெயரில் சொல்கிறது. தெலங்கானாவின் மாநில மலரும் இதுவே. அங்கே தங்கேடு என்பார்கள்.

பட்டையில் ஏறத்தாழ 18 சதவீதம் டானின் உண்டு. தென்னாட்டுத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையை நம்பியிருந்தது. 20ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டை அந்த இடத்தைப் பிடித்தது. தழையை வயலுக்கு உரமாக மிதிப்பார்கள். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் நீரிழிவுக்குத் தரப்படுகிறது.

இதே பேரினத்தைச் சேர்ந்த, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் இன்று நீலகிரிக் காடுகளில் பரவி, அதை அகற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. மஞ்சள் பூ வேண்டுமென்றால் நம் மண்ணின் ஆவாரையே இருக்கிறது. விதையுறை கடினமானது, மணலில் லேசாகத் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோ விதைத்தால் முளைப்பு கூடும். முழு வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. வேர் பிடித்தபின் தனியாக நீர் ஊற்றவே தேவையில்லை.