மறுசுழற்சி நெகிழி உறையில் உணவு: நோயாளிகளும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

ஆத்தூர் போன்ற ஊர்களில் மருத்துவமனையில் சேர்ந்துள்ள நோயாளிக்காக உடனிருப்போர் வெளியிலிருந்து சாம்பார், கஞ்சி, தேநீர் வாங்கி வருவது வழக்கம். சூடான உணவு மெல்லிய நெகிழி உறையில் கட்டித் தரப்பட்டால், அந்த உறை புதிய நெகிழியால் ஆனதா, மறுசுழற்சி செய்யப்பட்டதா என்பதைப் பார்வையால் உறுதி செய்ய இயலாது.

மறுசுழற்சி உறை எவ்வாறு உருவாகிறது?

வீடுகளில் சேரும் பால் உறைகளும் கேரி பேக்குகளும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தவை. இவற்றைக் கழுவி, உருக்கி, மணிகளாக்கி, மீண்டும் மெல்லிய தாளாக மாற்றுகின்றனர். குப்பைப் பைகள் செய்ய இது உதவும். உணவைப் பொதிய ஏற்றதன்று.

ஏன் ஏற்றதன்று?

பாலிஎத்திலீன், தன்னைத் தொடும் எண்ணெயையும் மணத்தையும் பல வேதிப்பொருள்களையும் உறிஞ்சும். பால் இருந்த உறையும் பூச்சிக்கொல்லி இருந்த உறையும் ஒரே குவியலில் கலந்தபின் பிரித்தறிவது அரிது. உருக்கும் வெப்பத்தில் கிருமிகள் அழியும். உறிஞ்சப்பட்ட வேதிப்பொருள்களும் அச்சு மையின் எச்சங்களும் முழுமையாக நீங்குவதில்லை. சூடு, எண்ணெய்ப்பசை, நீண்ட நேரம் ஆகியவை சேரும்போது அவை உணவில் கசியும் அளவு கூடும்.

சட்டம் கூறுவது

மறுசுழற்சி நெகிழியில் உணவைப் பொதிவதை 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் ஒழுங்குமுறைகள் தடை செய்தன. பின்னர், பாட்டில்கள் செய்யப் பயன்படும் ‘பெட்’ நெகிழிக்கு மட்டும் உரிய தரநிலைகளுடன் வழி திறக்கப்பட்டது. வீட்டு உறைகளை உருக்கிச் செய்யும் தாளுக்கு அது பொருந்தாது. தமிழ்நாட்டில் உணவு கட்டும் நெகிழித் தாள்களும் கைப்பைகளும் தடிமன் எதுவாயினும் 1.1.2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளன.

அஞ்ச வேண்டுமா?

ஒருமுறை இவ்வாறு உண்டதால் உடனே நோய் வரும் என அஞ்ச வேண்டாம். நாள்தோறும் சிறுகச் சிறுக உடலில் சேர்வதே கவலைக்குரியது. கருவுற்ற தாய்மார்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் உணவு வாங்கும்போது கூடுதல் கவனம் தேவை.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவமனைக்கு வரும்போதே எவர்சில்வர் தூக்கும் டிபன் பாக்ஸும் எடுத்து வாருங்கள்.
• பாத்திரம் இல்லையெனில் இட்லி, தோசையை வாழையிலையில் கட்டித் தரக் கேளுங்கள்.
• உறையில் வாங்க நேர்ந்தால், உணவை உடனே பாத்திரத்திற்கு மாற்றுங்கள். உறையோடு சூடாக்காதீர்கள்.
• முக்கோண அம்புக்குறி நெகிழியின் வகையை மட்டுமே காட்டும். அதனை உணவுப் பாதுகாப்புச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.
• உரம், பூச்சிமருந்து வந்த பைகளைக் கழுவினாலும் அவற்றில் அரிசி, மாவு, தானியம் சேமிக்காதீர்கள்.
• வீட்டு நெகிழிக் கழிவைத் தனியே பிரித்துத் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

விதிமீறலைக் கண்டால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். உடல்நலம் குறித்த ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழையுங்கள்.