நோய்க் குறியீடுகள்

நோய்க் குறியீடு என்பது நோய், காயம், நோய் அறிகுறி ஆகியவற்றைப் பதிவுசெய்ய உதவும், எழுத்தும் எண்ணும் கலந்த பொது அடையாளம். உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பன்னாட்டு நோய் வகைப்பாடே (ஐசிடி) இதற்கு அடிப்படை.

இதன் தொடக்கம் இறப்புக் கணக்கெடுப்பு. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் 1893இல் சிகாகோவில் இறப்புக் காரணங்களின் பட்டியலை முன்வைத்தார். 1948இல் வந்த ஆறாம் திருத்தம் உயிரைப் பறிக்காத நோய்களையும் சேர்த்துக்கொண்டது. பத்தாம் திருத்தம் 1990இல் ஏற்கப்பட்டது. 2019இல் ஏற்கப்பட்ட பதினோராம் திருத்தம் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பத்தாம் திருத்தத்தில் முதல் எழுத்து நோய்ப் பிரிவைச் சுட்டும். 'இ11' இரண்டாம் வகை நீரிழிவு. இக்குறியீட்டில் புள்ளிக்குப் பின் 2 வந்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுள்ளது. 9 வந்தால் சிக்கல் ஏதுமில்லை. அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் பின்பற்றும் விரிவான வடிவத்தில் ஏழு இடங்கள் வரை உண்டு.

நோயாளி வீடு திரும்பியதும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருத்துவரின் குறிப்புகளையும் படித்து, மெடிக்கல் கோடர் குறியீடுகளை இடுகிறார். குறிப்பில் இல்லாததை அவர் ஊகித்துச் சேர்க்கக் கூடாது. அமெரிக்கப் புறநோயாளி விதிப்படி, 'மாரடைப்பாக இருக்கலாம்' என்று மருத்துவர் எழுதினால் மாரடைப்புக் குறியீடு இட முடியாது. நெஞ்சு வலிக்கான குறியீடே இடப்படும். இப்பணி சென்னை, கோயம்புத்தூர், திருச்சி போன்ற நகரங்களிலும் நடக்கிறது.

காப்பீட்டுத் தொகையும் இக்குறியீடுகளைப் பொறுத்தது. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம் 1983 முதல், ஒத்த நோயாளிகளைக் குழுக்களாக்கி, குழுவுக்கு இவ்வளவு என்று மருத்துவமனைக்குப் பணம் தருகிறது. நிமோனியாவுடன் சிறுநீரகச் செயலிழப்பும் பதிவானால் தொகை உயரக்கூடும். இல்லாத நோயைச் சேர்த்துக் கூடுதலாகப் பணம் பெறும் மோசடிக்கும் இது இடம் தருவதால் தணிக்கை நடத்தப்படுகிறது.

இறப்புப் பதிவில் அடிப்படைக் காரணமே கணக்கில் வரும். நீரிழிவால் வந்த கால் புண்ணின் தொற்று ரத்தத்தில் பரவி ஒருவர் இறந்தால், 'இதயம் நின்றது' என்பது காரணமாகாது. நீரிழிவே காரணமாகப் பதிவாகும். புதிய நோய்களுக்கும் உடனடியாகக் குறியீடு தேவைப்படுகிறது. 2020இல் ஆய்வகம் உறுதிசெய்த கோவிட்டுக்கு 'யு07.1', உறுதியாகாததற்கு 'யு07.2' என ஒதுக்கப்பட்டன.

பதினோராம் திருத்தத்துக்கான சித்தா, ஆயுர்வேத, யுனானி நோய்நிலைகளின் தொகுதி 2024 ஜனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டது.