பெரிய சனியன்று பறந்த கட்டலினா

மொன்றியலில் சென் லோறன்ட் பக்கம் இருப்பவர்களுக்குக் கார்ட்டியர்வில் தெரிந்த இடம்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் அங்கே கனேடியன் விக்கேர்ஸ் தொழிற்சாலை கட்டலினா வகை விமானங்களைக் கட்டியது. கடலில் இறங்கி ஏறக்கூடிய, ரோந்துக்கும் குண்டுவீச்சுக்கும் பயன்பட்ட விமானம் அது. அதே வகையில் அமெரிக்காவில் கட்டப்பட்ட ஒன்றுக்கு எங்கள் ஊரோடு ஒரு கணக்கு இருக்கிறது. அதன் இலக்கம் ஏஜே 155. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கனேடிய விமானப்படையின் 413ஆம் அணி ஸ்கொட்லாந்தின் ஷெட்லண்ட் தீவுகளில் இருந்தது. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு, காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலைக்கு அதை அனுப்பினார்கள். லெனார்ட் பேர்ச்சல் அங்கே வந்து இறங்கியது 1942 ஏப்ரல் 2ஆம் திகதி. 4ஆம் திகதி, பெரிய சனியன்று விடியுமுன்னமே, அவரோடு சேர்த்து 9 பேர் ரோந்துக்குக் கிளம்பினார்கள். கனேடியரும் பிரித்தானியரும் கலந்த குழு.

நாள் முழுக்கப் பறந்து, திரும்புகிற நேரத்தில் தெற்கே அடிவானத்தில் கப்பல்கள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தார்கள். 5 விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்துகொண்டிருந்தது அட்மிரல் நகுமோவின் படை. பேர்ள் ஹார்பரைத் தாக்கிய அதே அட்மிரல். கட்டலினா மணிக்குச் சுமார் 200 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கிற விமானம். துரத்திய ஸீரோ விமானங்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேகம். ஒளிய மேகமும் இல்லை. செய்தியை மூன்று தரம் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாம் தரம் பாதியில் நிற்க, வானொலிக் கருவி சிதறிப்போனது.

கொலரொஸி என்பவர் கால் போய் விமானத்தோடு தாண்டார். மற்ற எட்டுப் பேரும் கடலில் குதித்தார்கள். ஸீரோக்கள் தண்ணீரிலும் சுட்டன. மற்றவர்கள் மூழ்கி மூழ்கித் தப்பினார்கள். டேவிட்சன், ஹென்செல் இருவரும் படுகாயக்காரர். மிதவை அங்கி போட்டிருந்ததால் அவர்களால் மூழ்க முடியவில்லை. நான் ஒரு தாதி. காயப்பட்டவரைக் காப்பாற்றப் போட்ட அங்கியே அவரைச் சூட்டுக்கு நேரே பிடித்து வைத்திருந்த இந்த இடத்தை என்னால் இலேசாகக் கடந்துபோக முடிவதில்லை.

மிச்சம் 6 பேரை இசோகசே என்ற நாசகாரிக் கப்பல் பிடித்தது. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அடி உதைக்குள்ளும் அவர்கள் சாதித்தார்கள். ஆனால் செய்தியைத் திரும்ப அனுப்பச் சொல்லிக் கொழும்பு கேட்டதை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் முன்னமே வெளியேறியிருந்தன. அது அந்தச் செய்தியின் பலன். ஆனாலும் இரத்மலானையில் சண்டை விமானங்கள் எழும்பும்போதே மாட்டிக்கொண்டன. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்து நோயாளிகள் செத்தார்கள். 9ஆம் திகதி திருகோணமலை. மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் கப்பல் தாண்டது. அன்றும் இதே 413ஆம் அணியின் கட்டலினா ஒன்று எதிரிப் படையைக் கண்டு அறிவிக்கப் போய் விழுந்தது. அதன் விமானி தோமஸ், அவரோடு போன ஒருவர்கூடத் திரும்பவில்லை.

பேர்ச்சலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்று பட்டம் கிடைத்தது. கிறிஸ்தவளான எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்துகிறது. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. ஜப்பானியச் சிறைமுகாம்களில் நோயாளிக் கைதிகளை வேலைக்கு இழுத்தபோது, எல்லோரையும் வேலை நிறுத்தச் செய்து நின்றவர் அவர். ஒளித்து வைத்த அவருடைய நாட்குறிப்புகள் பிறகு யுத்தக் குற்ற விசாரணைகளில் சாட்சியாயின. 2004இல் காலமானார். ஆனால் அன்று ஒரு தீவை எச்சரித்தது 9 பேரின் கண்ணும் கையும். அதில் மூன்று பேர் கரை சேரவில்லை. தோமஸின் ஆட்களுக்கோ பட்டமும் இல்லை, நினைப்பவரும் குறைவு.

413ஆம் அணியின் சின்னத்தில் இன்றும் ஒரு யானைத் தலை இருக்கிறது, இலங்கையின் நினைவாக. நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் அந்த அணியின் இன்றைய வேலை, கடலில் தத்தளிப்பவர்களைத் தேடிப்போய் மீட்பது. அந்த யானையைப் பார்க்கும்போது டேவிட்சன், ஹென்செல், கொலரொஸி என்ற மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.