காத்து மாறினா பள்ளிக்கூடமும் மாறுமா?

கற்பிட்டிக் கரையில தொழில் செய்யுற குடும்பங்களுக்கு வருசம் எண்டது ரெண்டு துண்டு. ஒண்டு வாடைக்காலம், மற்றது கச்சான் காலம். மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் மேல்கடல் கொந்தளிக்கும். தீவுகளில வாடி போட்டு இருந்தவங்க பலர் வேறு கரை தேடிப் போயிடுவாங்க. பாடசாலை வருசமோ வழமையா ஜனவரியில தொடங்கி டிசம்பரில முடியும், மூண்டு தவணை. இந்த ரெண்டு கணக்கும் ஒண்டோட ஒண்டு ஒத்துப்போறதில்ல. நடுவுல மாட்டிக்கொள்றது பிள்ளைகள்தான்.

ஏன் இப்படி ஆச்சு எண்டு தேடினா, கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டியிருக்கு.

ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையை 1667 முதல் 1676 வரை கட்டினார்கள். கண்டி மன்னனின் கடல் வணிகத்தை அடைப்பதுதான் அவர்களின் நோக்கம். அவர்கள் ஆண்ட கரையோரங்களில் கோவிற்பற்றுப் பள்ளிக்கூடங்களும் இருந்தன. அங்கே உபாத்தியாயர் வெறும் ஆசிரியர் அல்ல. ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பில் பதிபவரும் அவரே. பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் விதித்தார்கள். அதாவது, பள்ளிக்கூடம் எங்கட கரைக்கு வந்தபோதே ஒரு கணக்குப் புத்தகத்தோடுதான் வந்தது. ஒரே இடத்தில் இருக்கிற குடும்பத்தை அந்தப் புத்தகத்தில் எழுதுவது லேசு. காற்றோடு இடம் மாறுகிற குடும்பத்தை எப்படி எழுதுவது?

ஆங்கிலேயர் காலத்தில் கணக்கு வேறு வடிவம் எடுத்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. மிஷன் பாடசாலைகளுக்கு அரசு கொடுத்த நன்கொடைப் பணம், பிள்ளைகளின் வரவையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்த்தே கிடைத்தது. அப்படியான முறையில், பாதி வருசம் ஊரில் இல்லாத பிள்ளை பாடசாலைக்கு ஒரு நட்டம். கற்பிட்டிப் பட்டினம் 1807இலேயே சைமன் காசிச்செட்டியைப் பெற்ற ஊர். அவர் 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். பட்டினத்துப் பெருமையை நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்றோம். களப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற தீவுகளை அதே மூச்சில சொல்றதில்ல.

பிறகு இலவசக் கல்வி வந்தது, 1945இல். 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இதற்கிடையில், 1939இல் உருவான சிலாபம் மறைமாவட்டத்தில், ஆயர் எட்மண்ட் பீரிஸ் காலத்தில், கத்தோலிக்கப் பாடசாலைகளின் மொழி தமிழிலிருந்து சிங்களத்துக்கு மாறியது. இண்டைக்குப் பத்தலங்குண்டில் இருக்கிற சின்னப் பாடசாலையின் மொழி சிங்களம். பாடமொழி மாறினது, நிர்வாகம் மாறினது, கட்டணம் இல்லாமப் போச்சு. தவணை மட்டும் அசையல்ல.

கட்டாய வரவு விதி 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது: 5 முதல் 14 வயது வரை. 2016இல் அது 16 வயதாக உயர்ந்தது. நல்ல சட்டம்தான், மறுக்கேல்ல. ஆனா பிள்ளை வரவேணும் எண்டு சொன்ன சட்டம், பிள்ளையோட குடும்பம் எந்தக் கரையில நிக்குது எண்டு கேக்கல்ல.

“நாடு முழுக்க ஒரே அட்டவணை, கொஞ்சப் பிள்ளைகளுக்காக எப்படி மாத்துறது?” எண்டு சிலர் கேப்பாங்க. எங்கட மாவட்டத்திலேயே ரெண்டு பதில் இருக்கு.

ஒண்டு, முஸ்லிம் பாடசாலைகள். நோன்பு மாதத்தை ஒட்டி அவற்றுக்குத் தனித் தவணை அட்டவணை இருக்கு. பிள்ளைகள் எழுதுறது அதே சாதாரண தரப் பரீட்சைதான். பிறை பார்த்து விடுமுறை போட முடிஞ்ச திணைக்களத்துக்கு, காத்துப் பார்த்து விடுமுறை போட ஏலாதா?

ரெண்டாவது, 1990 ஒக்டோபர். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்கு வந்தார்கள். மன்னாரிலிருந்து வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்களும் அதில் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளுக்காகக் காலையில் ஒரு பாடசாலை, மாலையில் அதே கட்டடத்தில் இன்னொரு பாடசாலை என்று நடத்தினார்கள். கூடவே இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களே படிப்பித்தார்கள். வசதி போதவில்லை, ரெண்டு பக்கமும் கசப்பும் இருந்தது. ஆனாலும் பிள்ளைகள் எங்கே வந்தார்களோ அங்கே பாடசாலையும் வந்தது.

தீவுகளுக்கும் இதே மாதிரி யோசிச்சா என்ன? கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நீண்ட விடுமுறை. பிள்ளை போற கரையில இருக்கிற பாடசாலை, எந்தக் கேள்வியும் இல்லாம அந்தப் பிள்ளையை வகுப்பில சேர்த்துக்கொள்ள ஒரு வரவுப் புத்தகம். தீவில தங்கிப் படிப்பிக்க வாற ஆசிரியருக்கு ஒரு நல்ல வீடும் குடிக்கத் தண்ணியும்.

இதைச் சொல்ல அவசரமும் இருக்கு. கற்பிட்டியின் 14 தீவுகளையும் ஒரு சுற்றுலாத் திட்டத்துக்குள் கொண்டுவந்து வரைபடம் போட்டாச்சு. பாதி வருசம் ஆளில்லாத வாடியை வெறும் காணி எண்டு காட்டுறது லேசு. அங்க ஒரு பாடசாலை உயிரோட நடந்தா, அது “இங்க குடும்பங்கள் இருக்கு” எண்டதுக்கு அத்தாட்சி. ஒல்லாந்தர் காலத் தோம்பு சனத்தைப் பிடிச்சு வைக்க எழுதப்பட்டது. இப்ப தீவுப் பிள்ளையின் பெயரை வரவுப் புத்தகத்தில எழுதுறது, அந்தச் சனம் தங்கட கரையில நிலைச்சு நிக்கிறதுக்காக இருக்கட்டும்.